நம்மவர் எழுதிய புத்தகத்தை நாமே குறை சொல்லலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். தமிழ் ஆசிரியை, வயது 33. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரைப் பற்றிப் பெரியப்பா ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஊர் ஒன்றியம் அதை வெளியிடுகிறது. நயவுரை நான் செய்ய வேண்டுமாம். கதை 1960களில் நடக்கிறது. திருவிழா, தோட்டம், எங்கள் பரம்பரையின் கொடை எல்லாம் அழகாக வருகின்றன. ஆனால் அந்தக் காலத்தில் கோயிலுக்குள்ளும் கிணற்றடிக்கும் விடப்படாத சனங்கள் இரண்டே இடத்தில்தான் வருகிறார்கள், அதுவும் சிரிப்புக்காக. இதை மேடையில் சொல்லப்போகிறேன் என்றேன். “சொந்த இரத்தத்தைச் சபையில் வைத்து அவமானப்படுத்துவியா? கும்பகர்ணன் மாதிரி நில், விபீஷணன் மாதிரிக் காட்டிக் குடுக்காதை” என்கிறார் அம்மா. சாட்டுச் சொல்லி விலகிவிடவா? அல்லது மேடையில் புகழ்ந்துவிட்டுப் பிறகு புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதவா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கும்பகர்ணன் என்றதும் நம் வீடுகளில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அவனுடைய கடைசிக் காட்சிதான். தம்பி வந்து இராமன் பக்கம் கூப்பிடுகிறான். நீரில் போட்ட கோலம் போன்ற இந்த வாழ்வுக்கு ஆசைப்பட்டு, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று இவன் மறுக்கிறான். பட்டிமன்றங்களில் கைதட்டல் வாங்குகிற இடம் அது.

அந்த இடத்துக்கு வருமுன் கம்பன் அவனை இரண்டு தடவை வாய் திறக்க வைத்திருப்பதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லைப் போலும். முதல் தடவை, இராவணனின் மந்திராலோசனைச் சபையில். குற்றமற்ற ஒருவனின் மனைவியைச் சிறையில் வைத்துக்கொண்டு மாசில்லாத புகழுக்கு ஆசைப்படுகிறோம், ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம்’ என்று அரியணையில் இருக்கிற அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்தப் பாட்டில் ‘நீ’ என்று விரல் நீட்டாமல், குற்றத்தில் தன்னையும் சேர்த்து ‘நாம்’ என்றே பேசுகிறான். இரண்டாவது தடவை, யுத்தம் தொடங்கித் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தபோது. சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்பதுதான் அவன் கேட்கிற கேள்வி. அவளை விட்டுவிடு, தம்பியோடு சமாதானமாகப் போ, அதுதான் பிழைக்கும் வழி என்கிறான். அண்ணன் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் சாவோம் என்று தெரிந்தே களத்துக்குப் போகிறான்.

ஆகவே அம்மா சொன்னபடியே கும்பகர்ணனாக நில்லுங்கள், ஆனால் முழுக் கும்பகர்ணனாக. சபையில் ஒன்றும் பேசாமல் சண்டைக்கு மட்டும் போகிறவனைக் கம்பன் பாடவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கூடவே நின்றவர்கள் இலங்கையில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

விபீஷணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் காட்டிக்கொடுப்பவனுக்கு அடையாளமாகச் சொல்கிற அந்தப் பெயருக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் களனி விகாரையில் கோயில் இருக்கிறது. நம் சிங்கள அயலவர்கள் காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஒரு குலத்துக்குத் துரோகியாகத் தெரிபவர் எல்லோருக்கும் அப்படித் தெரிவதில்லை என்பதை அம்மாவோடு ஒருமுறை அங்கே போய்வந்தால் வாதாடாமலே விளங்கப்படுத்தலாம்.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். ஊர் மானம் என்கிறார்களே, அந்த ஊரில் யார் யார் அடக்கம்? புறநானூற்றின் 45ஆவது பாட்டில் சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற நெடுங்கிள்ளியும் சோழன்தான். கோவூர்கிழார் இருவரையும் பார்த்துச் சொல்கிறார்: உன்னோடு பொருகிறவன் பனம்பூச் சூடிய சேரன் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன், உன் தலைமாலையும் ஆத்திப்பூ, அவன் தலைமாலையும் ஆத்திப்பூ, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இத்தனைக்கும் இந்தப் புலவர் நலங்கிள்ளியைப் பல பாட்டுகளில் புகழ்ந்தவர். புகழ்ந்த அதே வாயால், நீ செய்வது உன் குடிக்குப் பெருமை தருகிற காரியம் அல்ல என்றும் சொல்ல அவருக்கு முடிந்தது.

பெரியப்பாவின் நாவலில் சிரிப்புக்காக வந்துபோகிறவர்களும் அதே ஊரவர்கள். அந்தத் தோட்டத்தைக் கொத்தியவர்கள், அந்தத் திருவிழாவை வீதியில் நின்றே பார்த்தவர்கள். கோயில், தேநீர்க்கடை போன்ற இடங்களில் சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் கடைகளில் தனி ஏனம் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சாதிக் கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்கள் பொலிஸாரிடம் அடிவாங்கினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லி சனங்கள் காத்து நின்றார்கள். பெரியப்பா தெரிந்தெடுத்திருக்கிற காலம் இதுதான். அந்தப் பத்து வருடத்தில் கதையை வைத்துவிட்டு இவற்றில் ஒன்றையும் தொடாமல் போவது, அவர் நேசிக்கிற ஊரையே பாதி ஊராக்கிவிடுகிறது. உங்கள் நயவுரை அன்று மண்டபத்தில் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களும் இப்போது வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இருக்கிறவர்கள்தானே. அவர்களின் பாட்டனாரைப் பார்த்துச் சபை சிரிக்கும்போது நீங்கள் மேடையில் பேசாமல் இருந்தால் அது எந்த ஊரின் மானம்?

நம் எழுத்தாளர்கள் இதை எழுதாமல் விட்டவர்களும் அல்லர். என்.கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ சில பக்கக் கதை. மேடையில் உயர்வாகப் பேசுகிற பெரிய மனிதர் ஒருவர், தன்னைத் தேடி வந்தவர்களை வீட்டுக்குள் கூப்பிட மனமில்லாமல், நிலவிலே போய்ப் பேசுவோம் என்று வெளியே கூட்டிப்போகிறார். பெரியப்பாவுக்கு இதை வாசிக்கக் கொடுங்கள். கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்கள் எழுத வந்தபோது தோள்கொடுத்தது ஒரு குழுதான், 1954இல் தொடங்கிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம். பிறந்த குலம் வாசலில் நிறுத்தியவர்களை அந்தக் குழு உள்ளே கூட்டிப்போனது. இதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் சில வருடங்களில் அங்கும் எங்கள் ஆள், அவர்கள் ஆள் என்ற கணக்கு வந்தது. எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை சங்கத்திலிருந்து பிரிந்துபோய், முற்போக்குக்கு மாற்றாக ‘நற்போக்கு’ என்றார். பிறகு எந்தப் புத்தகத்தை யார் புகழ்வார், யார் கண்டுகொள்ளமாட்டார் என்பதை ஆசிரியரின் பெயரைப் பார்த்தே சொல்லக்கூடிய நிலை வந்தது. அதில் அதிகம் நட்டப்பட்டவர்கள் வாசகர்கள். ஊர் ஒன்றியமும் பழைய மாணவர் சங்கமும் நடத்துகிற வெளியீட்டு விழாக்களில் அதே பழக்கத்தைத்தான் இன்றும் பார்க்கிறேன்.

புனைபெயர் யோசனையை விட்டுவிடுங்கள். மேடையில் புகழ்ந்துவிட்டு மறைந்து நின்று அடிப்பதைத்தான் உண்மையில் காட்டிக்கொடுப்பு என்று சொல்லலாம். சாட்டுச் சொல்லி விலகுவதும் வேண்டாம். அந்த இடத்துக்கு நல்லாகப் புகழ்கிற ஒருவரை உடனே பிடித்துவிடுவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியப்பாவிடம் போங்கள். அம்மாவையோ ஒன்றியத் தலைவரையோ கூட்டிப்போக வேண்டாம். புத்தகத்தில் பக்கங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். பொதுவாகக் கதைத்தால் வாக்குவாதமாகிவிடும். இந்தப் பக்கத்தில் இந்த ஆள் ஏன் தடுமாறி விழுகிறார், இவருக்கு ஏன் ஒரு பெயர்கூட இல்லை என்று கேட்டால் எழுதியவர் யோசிப்பார். தோட்டத்தையும் திருவிழாவையும் அவர் எழுதியிருக்கும் அழகையும் மனதாரச் சொல்லுங்கள், அது பொய்யில்லையே. மேடையில் எதைச் சொல்லப்போகிறீர்கள் என்பதை அன்றே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சபையில் வைத்துத் திடீரென்று கேட்பதுதான் அவமானமாக இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் அவர் ஏற்புரையிலேயே பதில் சொல்லலாம். அடுத்த பதிப்பில் ஓர் அத்தியாயம் சேர்க்கிறேன் என்று அவரே அறிவிக்கவும் கூடும்.

அதைச் சொல்லக்கூடாது என்று அவர் ஒரேயடியாக மறுத்தால், “அப்படியென்றால் நயவுரை நான் செய்யேல்லை, பெரியப்பா” என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விழாவுக்குக் கட்டாயம் போங்கள். வாசலில் நின்று சந்தனமும் கற்கண்டும் கொடுங்கள், முடிவில் சிற்றுண்டி பரிமாறுங்கள். நீங்கள் அவருடைய பிள்ளைதான் என்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

சம்மதித்தால், 15 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். முதற்பிரதி, சிறப்புப் பிரதி கொடுத்து முடிந்ததும் பாதிச் சனம் எழும்பிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே நயவுரையை அதற்கு முன்னால் வைக்கச் சொல்லி ஒன்றியச் செயலாளரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குறையைக் கடைசி வரியில் ஒட்டாமல் பேச்சின் நடுவிலேயே வைத்துப் பேசுங்கள்.