மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: பேக்கேஜா, தனித்தனி பில்லா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று செய்யச் சொல்லிவிட்டார்கள். அண்ணா நகரில் ஒரு மருத்துவமனை 2.4 லட்சம் ரூபாய் 'பேக்கேஜ்' என்கிறது. வடபழனியில் இன்னொன்று, சுமார் 1.9 லட்சம் வரும், ஆகும் செலவுக்கேற்ப பில் போடுவோம் என்கிறது. எதில் சேர்ப்பது? - வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள் அம்மா. 1.9 லட்சம் வெறும் மதிப்பீடு. இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அறை வாடகை, நர்சிங் கட்டணம், மருந்து எல்லாம் ஏறும். அது முழுக்க உங்கள் தலையில்தான் விழும். பேக்கேஜில் அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை மருத்துவமனை ஏற்கிறது. எவ்வளவு பகுதி என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல பேக்கேஜ்கள் டிஸ்சார்ஜோடு முடிந்துவிடும். மூட்டு மாற்றிலோ வீட்டுக்குப் போன பிறகும் தொல்லை வரலாம்: தையல் இடத்தில் கிருமித் தொற்று, காலில் ரத்தக் கட்டி, மடங்க மறுக்கும் முழங்கால். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு 2016 முதல் 2024 வரை பல ஊர்களில் இதற்கென்றே ஒரு முறையை நடத்தியது. மருத்துவமனையில் சேர்ந்தது முதல் டிஸ்சார்ஜுக்குப் பின் 90 நாள் வரையிலான மொத்தச் செலவுக்கும் ஓர் இலக்குத் தொகை. தரம் குறையாமல் அதற்குள் முடித்தால் மிச்சத்தில் மருத்துவமனைக்குப் பங்கு. மீறினால் மருத்துவமனை பணம் திருப்பிக் கட்ட நேர்ந்தது. நோயாளி வீட்டில் ஒழுங்காக பிசியோதெரபி செய்கிறாரா என்பது அப்போது மருத்துவமனையின் கவலையும் ஆகிவிட்டது.

நம் நாட்டிலும் ஆயுஷ்மான் பாரத் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் நோயாளியின் திருப்தி, மறுபடி சேர்க்க நேர்ந்த விகிதம், நோயாளி கையிலிருந்து கொடுக்க நேர்ந்த பணம், உண்மை என்று உறுதியான புகார்கள், உடல்நல முன்னேற்றம் ஆகிய ஐந்தையும் வைத்து மருத்துவமனைகளை அளக்கப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள். தனியார் பேக்கேஜை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மறுபடி சேர்க்க நேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அண்ணா நகரில் எழுத்தில் வாங்க வேண்டியது முதலில் இதுதான்: 90 நாளுக்குள் தொற்றுக்காகவோ மறு அறுவைக்காகவோ வந்தால் யார் செலவு? ஐ.சி.யூ., ரத்தம், சர்க்கரை டாக்டர் பார்ப்பது, பிசியோதெரபி இவை அடக்கமா? செயற்கை மூட்டு எந்த கம்பெனி, என்ன விலை? 2017-லிருந்து அதற்கு அரசின் விலை உச்சவரம்பு உண்டு. அந்த மூட்டின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

பேக்கேஜில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தொகை நிலையானது என்பதால், சீக்கிரம் அனுப்பினால் மருத்துவமனைக்கு லாபம். வாக்கர் பிடித்து நடந்து, கழிவறைக்குப் போய், வீட்டில் மாடி இருந்தால் படியும் ஏறிக்காட்டிய பிறகே அழைத்துப் போவோம் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

90 நாள் பொறுப்பை எழுதித் தந்தால் 50,000 ரூபாய் கூடுதலானாலும் பேக்கேஜில்தான் சேர்ப்பேன். டிஸ்சார்ஜ் வரைதான் என்றால் அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தமில்லை. எந்த டாக்டர் இந்த அறுவையை அதிகம் செய்கிறார் என்று பார்த்து முடிவெடுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை கையில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் அம்மாவை ஒருமுறை காட்டிவிடுங்கள்.