கும்மி வட்டத்தில் வீல்சேருக்கும் இடம் உண்டு

கேள்வி: அக்கா, நாங்கள் தேவகோட்டை பக்கத்துக் கிராமம். என் மகளுக்கு 16 வயது. மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாது. வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு போவாள். கும்மிப் பாட்டு அத்தனையும் மனப்பாடம். இந்த வருஷம் முளைப்பாரிக் கும்மியில் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன். "பாவம், நடுவுல உட்கார்ந்து பாடட்டும்" என்கிறார்கள். அவளுக்கோ ஆட ஆசை. வீல்சேரில் இருந்துகொண்டு கும்மி ஆட முடியுமா?

பதில்: தாராளமாக ஆடலாம் தங்கச்சி. நடுவில் உட்கார வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். நடுவில் இருக்க வேண்டியது முளைப்பாரி. உங்கள் மகள் தன் வயதுப் பெண்களோடு வட்டத்தில் சுற்றி வரட்டும்.

பல வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் சொல்லிக்கொடுக்கிறேன். வீல்சேரில் வரும் பிள்ளைக்குக் கால் பெரிய சிக்கல் இல்லை, கைதான் சிக்கல். கும்மி தட்ட இரண்டு கையும் வேண்டும். சக்கரம் தள்ளவும் இரண்டு கையும் வேண்டும். அதனால் எங்கள் வட்டத்தில் எட்டு எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். முதல் நான்குக்கு எல்லோரும் நின்ற இடத்திலேயே தட்டுவார்கள். அடுத்த நான்குக்குத் தட்டாமல் கையை வீசி நகர்வார்கள். அந்த நேரத்தில் வீல்சேர்ப் பிள்ளை சக்கரத்தைத் தள்ளி முன்னால் வந்துவிடும். அவளுக்கு மட்டும் தனி அடி வைக்காதீர்கள், வட்டம் முழுவதும் மாறட்டும். கும்மி அடி ஊருக்கு ஊர் வேறுபடத்தானே செய்கிறது, இதனால் எந்த முறையும் கெட்டுப்போகாது.

குனிந்து தட்டும்போது மற்றவர்கள் கை முழங்கால் உயரத்துக்கு இறங்கும். உங்கள் மகள் மடிக்கு மேல் தட்டினால் ஏறக்குறைய அதே உயரம்தான். மற்றவர்கள் நிமிரும்போது அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கட்டும். ஒரு கை இறுக்கமாக இருந்தால் தூக்க முடிந்தவரை போதும், தொடையில் தட்டினாலும் தாளம் நிற்கும். ஆசையாகப் பின்னால் வந்து யாராவது தள்ளப் பார்ப்பார்கள். அவள் கேட்காமல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தரை. கோயில் பொட்டல் மணலில் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் புதைந்துவிடும். தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள். மேலே ஜமுக்காளம் விரிக்க வேண்டாம், அது சுருண்டு சக்கரத்தில் மாட்டும். பழகுவதற்கு நம் பக்கத்து வளவு வீடு, அதாவது நடுவில் முற்றம் வைத்த பெரிய வீடு, ஏதாவது கிடைத்தால் நல்லது. ஆத்தங்குடிக் கல் தரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். தெருவாசல் படி உயரமாக இருந்தால் பின்கட்டு வாசலைப் பாருங்கள், நிலைப்படிக்கு ஒரு சாய்வுப் பலகை போடுங்கள். வீல்சேர் முழுசாகத் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம் வேண்டும். அவளுக்குப் பின்னால் அவசரப்படாத, நிதானமான ஒரு பெண்ணை நிறுத்துங்கள்.

தாவணித் தலைப்பை இடுப்பில் நன்றாகச் செருகிவிடுங்கள், தொங்கினால் சக்கரக் கம்பியில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி வளையலும் வேண்டாம். சக்கரத்தில் பட்டு உடைந்து கையைக் கிழித்துவிடும். அவளுக்கு வளையல் போட ஆசை இருந்தால் மெல்லிசான உலோக வளையல் இரண்டு போதும்.

மூளை முடக்குவாதம் உள்ள சில பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடும். உங்கள் மகளுக்கும் அப்படி என்றால் கொட்டும் வேட்டும் தள்ளியே இருக்கட்டும். பாட்டும் போகப் போக வேகமெடுக்கும். பாட்டெடுக்கிற ஆச்சியிடம் முன்கூட்டியே பேசி ஒரே நிதானத்தில் பாடச் சொல்லுங்கள். களைத்துப்போனால் ஒரு பாட்டுக்கு வெளியே வந்து, அடுத்த பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளலாம். மற்ற பெண்களும் அப்படித்தானே தண்ணீர் குடிக்கப் போகிறார்கள்!

காப்புக் கட்டிய பிறகு தினமும் ராத்திரி கும்மி இருக்கும் அல்லவா? முதல் ராத்திரியிலிருந்தே அழைத்துப் போங்கள். கடைசி நாள் மட்டும் கொண்டுபோய் நிறுத்தினால் அவளுக்கும் பதற்றம், மற்றவர்களுக்கும் பதற்றம். முளைப்பாரியை ஊருணிக்குக் கொண்டுபோகும்போது அவள் முளைப்பாரிச் சட்டியை மடியில் வைத்துக்கொள்ளட்டும். "தலையில்தான் சுமக்கணும்" என்று யாராவது சொன்னால், பிள்ளையை வைத்துக் கொஞ்சுகிற மடியில் அம்மன் பயிரை வைக்கக் கூடாதா என்று கேளுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் கேட்பேன்.

கேள்வி: என் தம்பி ஒன்பதாம் வகுப்பு. வலது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே கை இல்லை. பள்ளி ஆண்டு விழாக் கோலாட்டத்தில் "இரண்டு கை வேணுமே" என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஆசிரியரை நேரில் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அவர்கள் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. கலைப் பாடங்களையே அதற்கேற்ப மாற்றியமைக்கவும் சொல்கிறது. இதைச் சண்டையாக இல்லாமல் எடுத்துச் சொல்லி, கையோடு ஒரு வழியையும் காட்டுங்கள். மீதியுள்ள முன்கையில் மெத்தென்ற துணியைச் சுற்றி, அதன்மேல் பட்டையால் கோலைக் கட்டலாம். தோல் கன்றாமல் இருக்கிறதா என்று அடிக்கடி அவிழ்த்துப் பாருங்கள். கட்டுவது தம்பிக்குப் பிடிக்கவில்லை என்றால் இடது கையில் ஒற்றைக் கோல் போதும். அப்போது அவனோடு ஜோடி சேருகிற பையனும் ஒரு கோலை மட்டும் நீட்ட வேண்டும். அந்தப் பையனையும் சேர்த்து இப்போதே பழகச் சொல்லுங்கள், ஒத்திகைக்கு ஆடிக் காட்ட வசதியாக இருக்கும்.