நடுவில் ஒளிந்திருக்கும் நகம்

அன்புள்ள அக்கா,

நாங்கள் பாஸ்டனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் இங்கே ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து பூனைக்குட்டி ஒன்றை எடுத்துவந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், முன்னங்கால் இரண்டிலும் ஏழேழு விரல். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "ஆறு விரல் இருந்தாலே அதிர்ஷ்டம், இதுக்கு ஏழா!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். என் கணவருக்குத்தான் கவலை. நடக்கும்போது வலிக்குமா, அதிகப்படி விரலை எடுத்துவிட வேண்டுமா என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இதை ‘ஹெமிங்வே பூனை’ என்றார். நீங்களும் இப்படிப்பட்ட பூனைகளை வளர்க்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விரலை எடுக்க வேண்டாம், வலிக்காது. உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். பூனைக்கு முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு என்று மொத்தம் 18 விரல். உங்கள் குட்டிக்கு 22. கனடாவில் ஜேக் என்ற பூனைக்கு 28 விரல்களை 2002இல் கால்நடை மருத்துவர் எண்ணிக் கொடுத்து, கின்னஸில் ஏறியது. கால் வளைந்தோ குட்டையாகவோ இருந்தால் அது வேறு விஷயம், மருத்துவர் பார்க்க வேண்டும். நன்றாக ஓடி ஏறிக் குதிக்கிறது என்றால் கவலையே இல்லை.

பார்க்க வேண்டியது நகத்தை. எங்கள் வீட்டில் தாயும் மகளுமாக இரண்டு. தாய்க்கு முன்னங்காலில் ஆறாறு. ஒரு பனிக்காலத்தில் அது சோபாவிலிருந்து இறங்கும்போது இடது காலை ஊன்றாமல் இறங்கியது. குளிராக இருக்கும், வயதாகிறது என்று மூன்று நாள் விட்டுவிட்டேன். அப்புறம் மடியில் மல்லாக்கப் போட்டு, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே முடியை விலக்கிப் பார்த்தால், அங்கே ஒரு சின்ன விரல். அதன் நகம் தரையிலும் படாது, பிராண்டும் கட்டையிலும் படாது. தேய வழியில்லாமல் கிடாக் கொம்பு மாதிரி சுருண்டு வளர்ந்து, நுனி பாதத்தின் மெத்தைக்குள்ளேயே இறங்கியிருந்தது. சீழ் வாடை அடித்தது. மருத்துவர் வெட்டி இழுத்தபோது அது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று நாள் அந்த வலியோடுதான் அது வீட்டில் நடமாடியிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நகம் வெட்டுகிறேன். சாப்பிட்டுத் தூக்கம் வரும் நேரம்தான் சரி. துண்டில் சுற்றிக்கொண்டு விரலை லேசாக அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் இடம், அதைத் தொடாமல் வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே வெட்டுங்கள். ஏழு வரவில்லை என்றால் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது.

நகத்தையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது நகம் வெட்டுவது அல்ல, விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. மருத்துவக் காரணமில்லாமல் அதைச் செய்ய நியூயார்க் 2019இலேயே தடை போட்டது. பாஸ்டன் இருக்கும் உங்கள் மாசசூசெட்ஸ் மாநிலமும் 2025இல் தடை செய்துவிட்டது.

ஹெமிங்வே என்ற அமெரிக்க எழுத்தாளரின் பெயர் வரக் காரணம், ஃப்ளோரிடாவில் கீ வெஸ்ட் தீவில் அவர் 1930களில் வாழ்ந்த வீடு. இப்போது அது அருங்காட்சியகம். அங்கே சுமார் அறுபது பூனைகள் வளர்கின்றன, கிட்டத்தட்ட பாதிக்கு அதிகப்படி விரல். ஒரு கப்பல் கேப்டன் அவருக்குக் கொடுத்த வெள்ளைப் பூனையின் வம்சம் என்று அங்கே சொல்கிறார்கள். 2017இல் இர்மா புயல் வந்தபோது தீவையே காலி செய்யச் சொன்னார்கள். ஊழியர்கள் சிலர் போகாமல், பூனைகளை அந்தக் கல்வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கூடவே இருந்தார்கள், ஒன்றுக்கும் சேதமில்லை. எனக்கு அந்த வீட்டைப் பற்றி மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஆனால் உங்கள் குட்டியை அவர் கணக்கில் சேர்க்க எனக்கு மனசில்லை. பாஸ்டன் பக்கத்துத் துறைமுக ஊர்களில் இந்தப் பூனைகள் அவருக்கு முன்பிருந்தே உண்டு. உங்கள் அம்மா சொல்லும் அதே அதிர்ஷ்டத்தைக் கப்பல்காரர்களும் நம்பி, இவற்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள்.

காரணம் மரபணுவில் இருக்கிறது. கரு வளரும்போது, ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணு பாதத்தின் சுண்டுவிரல் பக்கம் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். அதை இயக்கும் சுவிட்ச் போன்ற பகுதி மரபணுவிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அந்தப் பகுதியின் டி.என்.ஏ. குறியீட்டில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், கட்டைவிரல் பக்கமும் அது வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால்தான் அதிகப்படி விரல் பெரும்பாலும் அந்தப் பக்கமே முளைக்கிறது. கீ வெஸ்ட் பூனைகளில் மாறியிருப்பது ஓர் எழுத்து, பிரிட்டனில் கண்ட பூனைகளில் மாறியவை வேறு எழுத்துகள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், விரல் கூடலாம். எண்ணிக்கை மட்டும் அப்படியே வராது. ஆறாறு உள்ள எங்கள் தாய்க்குப் பிறந்த மகளுக்கு இடதில் ஏழு, வலதில் ஆறு.

குட்டியாக இருக்கும்போதே தினமும் இரண்டு நிமிடம் பாதத்தைத் தொட்டு, விரல்களை விலக்கிப் பழக்குங்கள். மகளை நான் அப்படிப் பழக்கியதால், நகம் வெட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறாள். தாய் வளர்ந்த பிறகு வந்தவள். நான்காவது நகத்திலேயே காலை இழுத்துக்கொள்வாள், மீதியை மறுநாள்தான் வெட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா