எச்-இன்டெக்ஸ் காய்ச்சலைக் குறைக்குமா?

நுண்ணுயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றுச் சேலத்தில் வசிக்கிறேன். தொற்றுநோய் ஆய்வாளர்களின் கட்டுரைக் கணக்கு, மேற்கோள் கணக்கு (ஒருவரின் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டினார்கள் என்பது) பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இவை.

ஒரு பேராசிரியருக்கு எச்-இன்டெக்ஸ் 4 என்று பார்த்தேன். நான்கே கட்டுரைதான் எழுதினாரா? (அம்மாபேட்டை வாசகர்)

நாற்பதுகூட எழுதியிருக்கலாம். குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இருந்தால் எச்-இன்டெக்ஸ் 4, ஐந்து பெற்றவை ஐந்து இருந்தால் 5, அவ்வளவுதான். அவருடைய கட்டுரைகளை மேற்கோள் அதிகமானது முதலில் வரும்படி அடுக்குங்கள். 40, 18, 9, 5, 4, 2 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, தேறிவிட்டது. ஐந்தாவதற்கு 5 வேண்டும், 4தான் இருக்கிறது. அங்கே நின்றுவிடும், விடை 4. முதல் கட்டுரையின் 40 நாளை 4,000 ஆனாலும் விடை அதேதான். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. இயற்பியலாளர்களை அளக்கச் செய்த படியைக் கொண்டு வந்து மருத்துவர்களையும் அளந்துகொண்டிருக்கிறோம்.

ஐயா, நான் எழுதிய மூன்று கட்டுரைகளில் ஒன்றுதான் தரவுத்தளத்தில் என் பெயரில் இருக்கிறது. மற்றவை எங்கே போயின? (முதுநிலை மாணவி, அஸ்தம்பட்டி)

ஒன்று உங்கள் அப்பாவிடம் போயிருக்கும் அம்மா! கேலி செய்யவில்லை. உங்கள் பெயர் கவிதா, அப்பா பெயர் சண்முகம் என்று கொள்வோம். முதல் கட்டுரையில் ‘எஸ். கவிதா’. அடுத்ததில் முன்னெழுத்தை விரித்து ‘கவிதா சண்முகம்’. திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு மூன்றாவது. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்பது அந்த மென்பொருளின் நம்பிக்கை. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ‘சண்முகம், கே.’ என்று ஒரு புதிய ஆய்வாளர் அங்கே பிறந்துவிடுகிறார். தலைகீழாகவும் நடக்கும்: ‘எஸ். கவிதா’க்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்! கூகுள் ஸ்காலர் என்ற கட்டுரைத் தேடுதளத்தில் டெங்குக் கட்டுரைகளுக்கு நடுவே நூல் சாயம் பற்றிய கட்டுரை உட்கார்ந்திருந்தால் வியக்காதீர்கள்.

ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண்ணை இன்றே வாங்கிவிடுங்கள். 2012 முதல் தருகிறார்கள், காசு கிடையாது. பெயரை ஒரே வடிவில் எழுதுங்கள். ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் சிதறிக் கிடப்பவற்றை ஒன்றாக்கித் தரும்படி கோரிக்கை அனுப்பலாம்.

மகனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். மேற்கோள் அதிகமுள்ள டாக்டராகப் பார்த்துப் போகலாமா? (கன்னங்குறிச்சி)

வேண்டாம் ஐயா. சட்டையைக் கழற்றச் சொல்லும் டாக்டரிடம் இன்றே போங்கள். சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் என்றால், பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கக்கூடும். வலிக்காது, அக்குளிலோ அரைஞாண் கயிற்றின் அடியிலோ ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பார்க்கிறவருக்கு ஒரு கட்டுரைகூட இல்லாமல் போகலாம்.

கோவிட் ஆய்வாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள். ஸ்க்ரப் டைபஸில் உழைப்பவர்களுக்கு ஏன் இல்லை? (இளம் மருத்துவர்)

மேற்கோள் காட்டுவதற்கு ஆள் வேண்டுமே தம்பி. 2020இல் உலகமே ஒரு கிருமியைப் பற்றி எழுதியது. ஸ்க்ரப் டைபஸ் பெரும்பாலும் ஆசியக் கிராமத்து நோய், எழுதுபவர்கள் குறைவு. அதற்காக வேலை சிறியதா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது.

இன்னும் பழையதைப் பாருங்கள். சென்னையில் 193 காசநோயாளிகளை வைத்து, வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிடுவது சானடோரியத்தில் படுத்திருப்பதற்குக் குறைந்ததல்ல என்று 1959இல் நிறுவினார்கள். இன்று வீட்டில் மாத்திரை விழுங்கும் நோயாளிக்கு மட்டுமல்ல, எழுதித் தரும் டாக்டர்களில் பலருக்கும் அந்தக் கட்டுரை தெரியாது. நடைமுறையில் கரைந்துபோனதை யார் மேற்கோள் காட்டுவார்கள்?

மேற்கோள் அதிகமென்றால் சரியான ஆய்வு என்று நம்பலாமா?

கூடாது. கோவிட்டுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றி 2020 மே மாதம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் தரவுகளைச் சரிபார்க்க வழியில்லாமல், ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெற்றார்கள். அதன் பிறகும் மேற்கோள்கள் வந்துகொண்டிருந்தன. திட்டுவதற்காகக் காட்டியதும் கணக்கில் ஒன்றுதான்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது.

அழித்துவிடுங்கள். நானும் ஒருமுறை கட்டினேன். கட்டுரை வந்தது, இரண்டு ஆண்டில் அந்த ஆய்விதழின் இணையதளமே காணாமல் போய்விட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காப்பித் தோட்டத்தில் ஆட்களிடம் ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு என்ன ஆயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஏற்காடு, எஸ்டேட் மேற்பார்வையாளர்)

கேட்க வேண்டிய கேள்வி. கையெழுத்து வாங்கியபோது கொடுத்த ஒப்புதல் படிவத்தில் ஆய்வுத் தலைவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். முதலில் அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடலாம், இலவசம். நோயின் பெயரோடு ஏற்காடு என்றும், சேர்வராயன் என்றும், ஷெவராய் என்றும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். சிலர் ‘சேலம் மாவட்ட மலைப்பகுதி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.