பட்டா இருந்தால் தடை உத்தரவு கிடைத்துவிடுமா?

கேள்வி: அப்பா 1994-ல் கிரயம் வாங்கிய 82 சென்ட் நஞ்சை என் பெயரில் பட்டாவாகி, நான்தான் பயிர் வைக்கிறேன். பக்கத்து நிலக்காரர் வரப்பை வெட்டி உள்ளே வரப் பார்க்கிறார். பட்டாவைக் காட்டினாலே கோர்ட்டில் தடை கிடைக்கும் என்கிறார்களே, சரியா? – ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பட்டாவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) வழக்கில் முதலில் எழும் கேள்வி, வழக்குப் போட்ட அன்று நிலம் யார் அனுபவத்தில், அதாவது கைவசம், இருந்தது என்பதுதான். பட்டா வரி கட்டுபவர் யார் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு. அனுபவத்துக்கு அது ஒரு சான்றே தவிர முழுச் சான்று ஆகாது.

உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது, கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் பயிர்க் கணக்கான அடங்கல். அதில் புல எண், உட்பிரிவு, என்ன பயிர், எவ்வளவு பரப்பு எல்லாம் பசலிவாரியாக, அதாவது வருவாய் ஆண்டுவாரியாக, இருக்கும். (2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434.) தகராறு தொடங்குவதற்கு முந்தைய நான்கைந்து பசலிகளுக்கு வாங்குங்கள். சண்டை வந்த பிறகு அவசரமாக வாங்கிய ஒரே ஒரு அடங்கலை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் சுலபமாக உடைத்துவிடுவார். கிஸ்தி (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு, மோட்டார் மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் புல எண் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். எண் இல்லாத ரசீது உங்களுடைய வேறொரு நிலத்துக்கும் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும்.

பெரும்பாலும் வழக்கு சறுக்குவது சொத்து விவரத்தில். மூலப்பத்திரத்தில் பழைய புல எண், பட்டாவில் புது உட்பிரிவு, நான்கெல்லையில் எப்போதோ இறந்துபோனவரின் பெயர் என்று இருந்தால், எந்த இடத்துக்குத் தடை கேட்கிறீர்கள் என்பதே குழம்பிவிடும். நில அளவைத் துறையின் புலப்பட வரைபடத்தோடு ஒப்பிட்டு, அளவையும் எல்லையையும் சரிசெய்த பிறகே வழக்குரையில் (வழக்கு மனுவில்) எழுதச் சொல்லுங்கள்.

உங்களுடையது வரப்புத் தகராறு. அதனால் சர்வேயர் உதவியோடு அளந்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். அவர் வரப்பு, கிணறு, பயிர் என்று கண்ணால் கண்டதைக் குறிப்பார். அனுபவம் யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலையல்ல. அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வரப்பைத் தாண்டி பக்கத்து நிலக்காரர் ஏற்கெனவே ஒரு முழம் உள்ளே வந்து நட்டுவிட்டிருந்தால், அந்தத் துண்டுக்குத் தடை மட்டும் கேட்டுப் பயனில்லை. சுவாதீனத்தை (கைவசத்தை) உங்களிடம் திரும்ப ஒப்படைக்கும் பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கிடைத்தால் அன்றே, தவறினால் மறுநாளே, மனு, பிரமாணப் பத்திரம், வழக்குரை, ஆவண நகல்களை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 3 இதைக் கட்டாயமாக்குகிறது. கைக்கு வந்த தடையை இதில் காட்டும் அசட்டையால் இழப்பவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

கேள்வி: ஊருக்கு வெளியே காலிமனை. பயிரும் இல்லை, வீடும் இல்லை. அனுபவத்தை எதை வைத்துக் காட்டுவது?

பதில்: காலி இடத்தில் அனுபவம் உரிமையைப் பின்தொடரும் என்பது நீதிமன்றங்கள் ஏற்கும் கோட்பாடு. ஆகவே கிரயப் பத்திரமும் மூலப்பத்திரங்களும் வில்லங்கச் சான்றும்தான் உங்கள் பலம். காலிமனை வரி ரசீது, கம்பிவேலி போட்ட செலவுச் சீட்டு இருந்தால் சேருங்கள். ஆனால் எதிராளி உரிமையையே மறுத்து, தன் பெயரில் பத்திரமும் காட்டினால் வெறும் உறுத்துக்கட்டளை போதாது. இடம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனத்துல சுதாகர் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: போன மாதமே பூட்டை உடைத்து இடத்தைப் பிடித்துவிட்டார்கள். இப்போது தடை கேட்கலாமா?

பதில்: கையை விட்டுப் போன இடத்துக்குத் தடை கேட்டால் மனு தள்ளுபடியாகும். குறித்த பரிகாரச் சட்டம், 1963-ன் 6-வது பிரிவில் சுவாதீனம் கேட்டு வழக்குப் போடுங்கள். அதில் உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை. இடம் உங்களிடம் இருந்தது, சம்மதமில்லாமல், சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றினார்கள் என்று காட்டினால் போதும். வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அரசுக்கு எதிராக இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது.