தாளில் ‘பாதிப்பு இல்லை’, அம்மாவின் கண்ணில் கறுப்பு நூல்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டியவர். 15 ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு). சென்ற வாரம் எங்கள் தோட்ட மண்டபத்தில் நடந்த இலவசப் பரிசோதனையில் அவர் கண்ணைப் படம் பிடித்தார்கள். சில நிமிடங்களில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) இயந்திரம் ‘பாதிப்பு இல்லை’ என்று தாள் கொடுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பிருந்தே இடது கண்ணில் கறுப்பு நூல்போல் ஏதோ மிதப்பதாக அம்மா சொல்லி வந்தார்; அங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஈப்போவில் கண் மருத்துவரைப் பார்க்கத் தேதி இருக்கிறது. “மிஷினே சொல்லிடுச்சு, அப்புறம் என்னாத்துக்கு அலையணும்?” என்று மறுக்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, அம்மா கண் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும், அதுவும் அடுத்த மாதம்வரை காத்திராமல். நாளைக் காலையே உங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று, கறுப்பு நூல் தெரிவதைச் சொல்லி, கண் மருத்துவரைப் பார்க்கும் தேதியை இன்னும் சீக்கிரமாக மாற்றித் தரக் கேளுங்கள். நூல்கள் திடீரெனப் பெருகினாலோ, மின்னல் வெட்டியது போல் ஒளி தெரிந்தாலோ, திரை விழுந்தது போல் பார்வை மறைந்தாலோ கிளினிக்கிற்காகக் காத்திராமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இயந்திரம் பொய் சொல்லியது என்று நான் கூறவில்லை. இனிப்புநீரால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு, அன்று எடுத்த படத்தை மட்டும் வைத்து அது பதில் சொன்னது. மருத்துவரின் துணையின்றித் தானே முடிவு சொல்லும் இத்தகைய முதல் கருவியான ஐடிஎக்ஸ்-டிஆருக்கு 2018 ஏப்ரலில் அனுமதி வழங்கிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கண்ணில் ஏதேனும் மிதப்பதாகச் சொல்பவர்களையும் பார்வை மங்கியவர்களையும் அக்கருவியால் பரிசோதிக்கக் கூடாது என்று அப்போதே தெளிவுபடுத்தியிருந்தது. மண்டபத்தில் இருந்தது வேறு கருவியாகவே இருக்கலாம், ஆயினும் படம் எடுக்குமுன் “கண்ணில் ஏதாவது தெரிகிறதா அம்மா?” என்று தமிழிலோ மலாயிலோ ஒருவர் கேட்டிருந்தால், அந்தத் தாளுக்கே வேலை இருந்திருக்காது.

அண்டை நாடான தாய்லாந்திலும் இத்தகைய அனுபவம் உண்டு. கூகுள் உருவாக்கிய ஏஐ கண் பரிசோதனை முறையை அங்குள்ள 11 கிளினிக்குகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, தாதியர் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைப் போதிய தெளிவில்லை என்று இயந்திரம் ஒதுக்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் சிறப்பாக வேலை செய்த அது, போதிய இருட்டு இல்லாத அறையிலும் மெதுவான இணையத்திலும் திணறியது. படம் ஒதுக்கப்பட்ட நோயாளிகளை வேறோர் இடத்திலுள்ள நிபுணரிடம் போகச் சொன்னதால், வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டிய சிரமம் அவர்கள் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்துத் தோட்ட டிரஸரும் (தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த உதவியாளர்) தவறு செய்தவர்தாம். நான் அவரைத் தெய்வமாக்கவில்லை. ஆனால் இமையை இழுத்துப் பார்க்கும்போதே “ராத்திரி தூங்கினியா, என்ன சாப்பிட்ட?” என்று அவர் விசாரித்துவிடுவார். இயந்திரத்தின் வேகத்தோடு அந்த விசாரிப்பும் சேர வேண்டும் என்பதே என் கருத்து.

அம்மாவிடம் இயந்திரத்தைக் குறை சொல்லி வாதாட வேண்டாம். “படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், நீங்கள் சொல்வதை இன்னும் யாரும் கேட்கவில்லை” என்று சொல்லிப் பாருங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் துணைக்கு நீங்களும் போங்கள். அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்; ஆனால் அதை மருத்துவரிடம் நீட்டுவதற்கு முன், நூல் எந்தக் கண்ணில், எப்போதிலிருந்து தெரிகிறது என்பதை அம்மாவே தம் வாயால் சொல்லட்டும்.