அடைப்பு நீங்கிய பிறகும் இதயம் தளர்வது ஏன்?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகில் போகும் அப்பாவுக்கு வயது 58. அதிகாலை 3 மணிக்குக் கடலில் நெஞ்சுவலி. வாய்வு என்று சோடா குடித்துப் படுத்துவிட்டார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மணி 8. அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டதும் வலி நின்றது. ஆனால் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. மறுநாள் எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35%. 'ரத்தம் திரும்பப் பாய்ந்ததாலும் பாதிப்பு உண்டு' என்கிறார்கள். ஊசிதான் தவறா? நேரே மதுரைக்குப் போயிருக்க வேண்டுமா?

பதில்: ஊசியில் தவறில்லை. கெடுதல் செய்தது அந்த 5 மணி நேரம்.

ரத்தம் வராத தசைச் செல்லுக்குள் அமிலம் தேங்கிவிடும். ரத்தம் திடீரென்று பாய்ந்ததும் செல் அந்த அமிலத்தை வெளியே தள்ளிச் சோடியத்தை வாங்குகிறது. சோடியத்தைத் துரத்தக் கால்சியத்தை உள்ளே விடுகிறது. கால்சியம் மிதமிஞ்சினால் தசையிழை சுருங்கியபடியே இறுகிக் கிழியும். போதாக்குறைக்கு, முதல் சில நிமிடங்களில் பெருகும் ஆக்சிஜன் கழிவுகள் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் துளைக்கின்றன. பெரிய குழாய் திறந்தாலும் வீங்கிய நுண்குழாய்களில் ரத்தம் ஏறாமல் போவதும் உண்டு: கண்மாய் மடை திறந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வயலுக்குத் தண்ணீர் வராதே, அப்படி.

துடிப்பு மாறியது பெரும்பாலும் ரத்தம் திரும்பியதன் அடையாளம். பலருக்குத் தானே அடங்கும். சிலருக்கு ஷாக் கொடுக்க வேண்டிவரும் என்பதால்தான் மானிட்டர் படுக்கை.

இந்தப் பாதிப்பைத் தடுக்க உறுதியான மருந்து இன்னும் இல்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 2015-லும், கையில் பட்டை கட்டி இறுக்கித் தளர்த்தும் முறை 2019-லும் பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை.

மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். 120 நிமிடத்துக்குள் பலூன் வைத்து அடைப்பை விரிக்க முடியாதென்றால் ஊசிதான் முதலில். ஊசிக்குப் பிறகு 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சோதனை). ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் ஈசிஜியில் எஸ்டி ஏற்றம் (அடைப்பைக் காட்டும் கோட்டு உயர்வு) பாதியாவது இறங்கியதா, ஆஞ்சியோகிராம் எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் பலூன் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

35% என்பதை இப்போதே முடிவாக எடுக்காதீர்கள். செத்த தசை திரும்பாது. ஆனால் மயங்கிக் கிடக்கும் தசை சில வாரங்களில் விழிக்கும். 6 வாரம் கழித்து எக்கோ எடுங்கள். அதுவரை ஒரு மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள்: 3 நாளில் 2 கிலோ கூடினாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. கருவாட்டை எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது. இப்போதைக்குப் பச்சை மீனே போதும்.